ஜப்பானியர் சுவையை எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி: ஜப்பானிய மொழியில் ஜே.எல்.பி.டி. மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் ‘ஒய்ஷீ’ (ருசியாக இருக்கிறது) என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வருவதில்லை. அகராதியைத் திறந்தால் ஒரே பொருளுக்கு நான்கைந்து சொற்கள் நிற்கின்றன. எதை எங்கே சொல்வது?

பதில்:

முதலில் ஒரு யோசனை. தமிழ்ச் சொல்லுக்கு நேராக ஜப்பானியச் சொல்லை எழுதிப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தச் சொற்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட உணவுகளோடு ஒட்டி வாழ்பவை. உணவோடு சேர்த்துப் படித்தால் மனதில் நிற்கும். தனியே படித்தால் இடம் மாறிப் போகும். இனிப்பா, புளிப்பா என்று சுவையின் வகையைச் சொல்லும் சொற்கள் ஜப்பானிய மொழியில் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். அவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். ஜப்பானியர் உண்மையில் அதிகம் பேசுவது வேறு விஷயங்களை: பல்லில் எப்படிப் பட்டது, நாக்கில் எவ்வளவு கனமாகத் தங்கியது, தொண்டையில் எப்படி இறங்கியது, விழுங்கிய பிறகு என்ன மிஞ்சியது. உங்கள் தடுமாற்றம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வகைச் சொற்களில் நம்மவர்கள் இடறும் சிலவற்றை மட்டும் விரிவாகச் சொல்லிவிட்டு, வாய்க்குள் நடப்பவற்றுக்கு வருகிறேன்.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: ‘சாமுராய்’ என்று நாம் எழுதும் வழக்கப்படியே ‘அமாய்’, ‘நிகாய்’ என்று எழுதுகிறேன். அங்கே ‘ஆ’ உண்மையில் குறில்தான், இழுக்க வேண்டாம்.

‘ஒய்ஷீ’யிலிருந்தே தொடங்கலாம். முரோமாச்சி காலத்தில் (14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை) அரண்மனையில் பணிசெய்த பெண்கள் தங்களுக்குள் ஒரு நாகரிகப் பேச்சை வைத்திருந்தார்கள். உணவையும் வீட்டுப் பொருள்களையும் நேரடியாகச் சொல்லாமல், சொல்லைச் சுருக்கி முன்னால் ‘ஒ’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்ப்பார்கள். ‘தெங்காகு’ என்ற உணவு ‘ஒதென்’ ஆனது அப்படித்தான். குளிர்ந்த குடிநீருக்கு இன்றும் உணவகங்களில் வழங்கும் ‘ஒஹியா’வும் அந்த வழி வந்ததே. நல்லது, ருசியானது என்ற பொருளில் இருந்த ‘இஷி’ அவர்கள் வாயில் ‘ஒய்ஷீ’ ஆயிற்று. அதனால்தான் இன்றும் அதில் ஒரு மென்மை இருக்கிறது. யாரிடமும் எங்கேயும் சொல்லலாம். ‘உமாய்’ அதைவிடப் பழமையானது. 8ஆம் நூற்றாண்டுக் கவிதைகளிலேயே அதன் மூல வடிவம் இருக்கிறது. இன்று அது நெருக்கமானவர்களிடம் சொல்லும் சொல். ஆண்கள் பேச்சில் அதிகம் வரும். முதல் வாய் ராமென் நூடுல்ஸ் உள்ளே போனதும் தன்னை மறந்து ஒருவர் சொல்வது ‘உமாய்’. மேலதிகாரி வீட்டு விருந்தில் அதைச் சொல்லாதீர்கள். அதே ஒலிக்குத் ‘திறமையானது’ என்ற பொருளும் உண்டு: பாட்டு நன்றாகப் பாடுகிறவரையும் ‘உமாய்’ என்பார்கள்.

இனிப்பு ‘அமாய்’, புளிப்பு ‘சுப்பாய்’, கசப்பு ‘நிகாய்’. இந்த மூன்றில் கவனிக்க வேண்டியது ‘அமாய்’. ஜப்பானியத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்திருந்தால் இதைக் கேட்டிருப்பீர்கள்: பச்சை முட்டைக்கோஸைக் கடித்துவிட்டு ‘அமாய்!’ என்று வியப்பார்கள். பச்சை இறால், ஸ்க்விட், வெங்காயம், புதிதாக வடித்த சோறு, நல்ல மாட்டிறைச்சியின் கொழுப்பு என்று எல்லாவற்றுக்கும் இதே சொல் வரும். சர்க்கரைத் தித்திப்பு என்று நினைத்தால் குழப்பம்தான். பொருள் புதியது, தரமானது, அதன் இயல்பான சுவை மெல்ல நாக்கில் தெரிகிறது என்ற பாராட்டு அது. மறுபக்கம், இனிப்புப் பண்டத்துக்கு ‘அமாய்’ என்பது பாராட்டாகவே இருக்க வேண்டியதில்லை. ‘அமசுகிரு’ என்றால் தித்திப்பு தூக்கல் என்ற குறை. ஜப்பானியக் கேக் கடைகளில் ‘அமசா ஹிகாஏமே’, அதாவது இனிப்பு அடக்கமாக இட்டது, என்று எழுதி விற்பார்கள். இனிப்பைக் கொடுத்தவரிடம் ‘அவ்வளவாகத் தித்திக்கவில்லை, நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் மகிழ்ச்சியடைவார். நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது நேர் எதிர் என்பதால் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘கராய்’. பாடநூல் ‘காரம்’ என்று சொல்லி நகர்ந்துவிடும். ஆனால் ஒசாகாவில் ஒருவர் மிசோ சூப்பை உறிஞ்சிவிட்டு ‘கராய்’ என்றால், அவர் சொல்வது உப்பு கூடிவிட்டது என்று. மேற்கு ஜப்பானில் உப்புக்கும் அந்தச் சொல்லே வழங்குகிறது. டோக்கியோ பக்கம் உப்புக்கு ‘ஷொப்பாய்’. எழுத்திலும் பொதுவழக்கிலும் ‘ஷியோகராய்’, சொல்லுக்குச் சொல் ‘உப்புக் கராய்’. மிளகாய், வாசபி, கடுகு, துருவிய முள்ளங்கி எல்லாமே ‘கராய்’ என்ற ஒரே குடையின் கீழ் வருகின்றன. எந்த வகை உறைப்பு என்பதை இரட்டைச் சொற்கள் பிரிக்கும்: மிளகாய் ‘பிரிபிரி’ என்று சுறுசுறுக்கும், அளவு மீறினால் ‘ஹிரிஹிரி’ என்று எரியும், வாசபியோ ‘த்சூன்’ என்று மூக்குக்கு ஏறும். மதுவுக்கு வந்தால் இதே சொல் வேறு வேலை செய்கிறது. சாகே புட்டியில் ‘கராகுச்சி’ என்றிருந்தால் தித்திப்புக் குறைந்தது என்று பொருள், எதிர்ப்பதம் ‘அமாகுச்சி’. பல புட்டிகளில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். கூட்டல் பக்கம் போகப் போக கராகுச்சி. 1987இல் வந்த அசாஹி சூப்பர் டிரை பியரும் ‘கராகுச்சி’ என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஜப்பானியக் கறிக்குழம்புக்கான கட்டிகள் வரும் பெட்டிகளிலோ அமாகுச்சி, சூகரா, கராகுச்சி என்ற மூன்று நிலைகள் காரத்தின் அளவைக் குறிக்கின்றன. அந்தக் கராகுச்சி நம் நாக்குக்கு மிதமாகவே இருக்கும். உண்மையிலேயே உறைப்பு வேண்டுமென்றால் 1980களின் நடுவில் பரவிய ‘கெகிகரா’ என்ற சொல்லைத் தேடுங்கள். படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: ‘கராய்’க்கு எழுதும் அதே எழுத்தை ‘த்சுராய்’ என்றும் வாசிக்கலாம், அப்போது ‘துன்பமானது, தாங்க முடியாதது’ என்று பொருள். முன்பின் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

துவர்ப்புக்கு ‘ஷிபுய்’. ‘பு’வை ‘அன்பு’ என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணும் நமக்கு இந்தச் சொல்லைப் பிடிப்பதில் சிரமமே இல்லை. இதன் வீடு பெர்சிமன் என்னும் ‘காகி’ப் பழம். கடையில் விற்கும் இனிப்பு வகையைத் தவிர, ‘ஷிபுகாகி’ என்ற துவர்ப்பு வகை ஊர்ப்புறங்களில் நிறையக் காய்க்கிறது. பார்வைக்குச் செக்கச்செவேல் என்று பழுத்திருக்கும். கடித்தால் வாய் முழுவதும் உலர்ந்து இறுகிவிடும். டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் காரணம். நவம்பர் வாக்கில் தோலைச் சீவி, காம்பில் கயிறு கட்டி, வீட்டுக் கூரை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். சில வாரங்களில் பழம் சுருங்கிக் கருத்து, மேலே வெள்ளையாகச் சர்க்கரை பூத்துவிடும். அப்போது அது ‘ஹொஷிகாகி’, தேனுக்கு ஈடான இனிப்பு. இதில் கவனிக்கத்தக்கது, டானின் பழத்தை விட்டு எங்கும் போய்விடுவதில்லை. நீரில் கரையாத வடிவுக்கு மாறுகிறது. கரையாததால் நாக்கு அதை உணர்வதில்லை. அவசரக்காரர்கள் பழத்தின் காம்புப் பக்கத்தை ஷோச்சு மதுவில் தோய்த்து, பையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பார்கள். அதிலும் நடப்பது இதே மாற்றம்தான்.

தேநீரில் ‘ஷிபுமி’, அதாவது துவர்ப்பு, குறையே அல்ல. சென்சா என்னும் பச்சைத் தேயிலையைச் சூடான நீரில் போட்டால் கேட்டகின் என்ற பொருள் இறங்கித் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு இனிப்புப் பலகாரத்துக்குப் பிறகு வாயைத் துடைத்துவிடும் என்று விரும்பியே குடிக்கிறார்கள். நிழலில் வளர்த்த கியொகுரோ இலையை 50 முதல் 60 டிகிரி நீரில் ஊறவிட்டால் துவர்ப்பு அடங்கி, தேயனின் என்ற அமினோ அமிலத்தின் கனிவு முன்னே வரும். ஒரு மனிதரின் குரலையோ பழைய பீங்கானின் நிறத்தையோ ‘ஷிபுய்’ என்றால் ஆரவாரமில்லாத, முதிர்ந்த அழகு என்று பொருள். ‘ஷிபுய் முகம்’ வைத்துக்கொண்டார் என்றாலோ, அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள்.

இதன் பக்கத்து வீட்டுச் சொல் ‘எகுய்’. இதை வெளிநாட்டு மாணவர்களுக்கு விளக்க ஆசிரியர்கள் படாதபாடு படுவார்கள். தமிழர்களுக்கு ஒரே வார்த்தை போதும்: காறல். கருணைக்கிழங்கு தொண்டையில் செய்யும் அதே வேலைதான். ஜப்பானில் இதற்குரிய உணவு மூங்கில் குருத்து, ‘தாகெனோகோ’. வசந்தத்தில் தோண்டியெடுத்த கணத்திலிருந்து அதன் காறல் மணிக்கு மணி ஏறும். அதனால் வாங்கிய அன்றே வேகவைத்துவிடுகிறார்கள். மேலுறையோடு அப்படியே எடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டி, நெடுக்காக ஒரு கீறல் போட்டு, பெரிய பானையில் தண்ணீர், ஒரு கைப்பிடி அரிசித் தவிடு, ஒன்றிரண்டு காய்ந்த மிளகாயோடு ஒரு மணி நேரம் போல வேகவைப்பார்கள். அடுப்பை அணைத்த பிறகும் குருத்தை எடுக்கக் கூடாது. அந்த நீரிலேயே ஆற வேண்டும். இப்படி நீக்கப்படும் வேண்டாத சாரத்துக்கு ‘அகு’ என்று பெயர், நீக்கும் வேலைக்கு ‘அகுநுகி’. சமையல் குறிப்புகளில் அடிக்கடி வரும் சொற்கள் இவை. இறைச்சி கொதிக்கும்போது மேலே திரளும் நுரையும் ‘அகு’தான்.

‘உமாமி’யைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உலகம் முழுவதும் பரவிய பொருளும் ஜப்பானியர் வீட்டில் வழங்கும் பொருளும் ஒன்றல்ல. ‘உமாய்’ என்பதிலிருந்து பிறந்த சாதாரணப் பெயர்ச்சொல் அது. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் இகெதா கிகுனாஏ 1908இல் ‘கொம்பு’ என்ற கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமிக் அமிலம் என்று கண்டறிந்தபோது, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கு சுவைகளிலும் அடங்காத இந்தச் சுவைக்கு அந்தப் பழைய சொல்லையே பெயராக வைத்தார். அந்த அமிலத்தின் உப்பான மோனோசோடியம் குளுட்டமேட் 1909இல் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் ஃப்ரைடு ரைஸ் கடைகள் வரை வந்து சேர்ந்த அஜினோமோட்டோ அதுதான். ‘அஜி நோ மோதோ’ என்றால் ‘சுவையின் மூலம்’. 1913இல் இகெதாவின் மாணவர் கொதாமா ஷின்தாரோ, உலர்த்திப் புகைபோட்ட கட்சுவோபுஷி மீனின் சுவைக்கு இனோசினிக் அமிலம் காரணம் என்றார். 1957இல் குனினாகா அகிரா, ஷிட்டாக்கே காளானோடு இன்று சேர்த்துப் பேசப்படும் குவானிலிக் அமிலத்தையும் இந்த வரிசையில் சேர்த்தார். இவற்றைக் குளுட்டமேட்டோடு கலந்தால் சுவை பல மடங்கு எழும்பும் என்றும் காட்டினார். கொம்பும் கட்சுவோபுஷியும் சேர்த்து ‘தாஷி’ என்ற அடிச்சாறு இறக்கும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழையது. அதற்கான காரணம் ஆய்வகத்தில் தெரிய அத்தனை காலம் பிடித்தது. நாக்கில் இந்தச் சுவையை உணர்வதற்கென்று ஏற்பிகள் இருப்பது 2000க்குப் பிறகே உறுதியானது.

ஆனால் சாப்பாட்டு மேசையில் யாரும் ‘இதில் குளுட்டமேட் இருக்கிறது’ என்ற பொருளில் ‘உமாமி’ என்று சொல்வதில்லை. வதக்கிய தக்காளியிலும், மட்டி வேகவைத்த நீரிலும், மென்று நேரமான கணவாய்க் கருவாட்டிலும் ஊறிவரும் ஆழமான ருசியை அப்படிச் சொல்வார்கள். நல்ல ஆதாயம் தரும் வியாபாரத்தை ‘உமாமி உள்ள வியாபாரம்’ என்பதும் உண்டு.

இனி, ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழும் இணைக்கு வருவோம்: ‘அஸ்ஸரி’, ‘கொத்தெரி’. எண்ணெய், கொழுப்பு, மசாலா குறைந்து, நாக்கில் பாரமில்லாமல் இருப்பது அஸ்ஸரி. கனமாக, கெட்டியாக, உதட்டில் ஒட்டிக்கொள்வது கொத்தெரி. தெளிந்த கோழிச்சாற்றில் உப்போ சோயா சாஸோ கலந்த ராமென் அஸ்ஸரி. பன்றி எலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவைத்த பால்நிறச் சாறு கொத்தெரி. இரண்டுமே பாராட்டு, அன்றைய பசியைப் பொறுத்தது. கொத்தெரி அளவு மீறித் திகட்டினால் ‘குதொய்’ அல்லது ‘ஷித்சுகொய்’ என்று குறையாகிவிடும். இந்த இரண்டையும் விடாமல் நச்சரிக்கும் மனிதருக்கும் சொல்வார்கள். அஸ்ஸரியோடு ‘சப்பரி’யைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் புத்துணர்ச்சி சேர்கிறது: எலுமிச்சை, வினிகர், உமேபொஷி ஊறுகாய், துருவிய முள்ளங்கி போன்றவை வாயைத் தெளிவாக்கினால் அது சப்பரி. ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ‘ஏதாவது சப்பரியாகச் சாப்பிடலாம்’ என்றுதான் கேட்பார்கள்.

‘சுவை கெட்டி’ என்பதற்கு ‘அஜி கா கொய்’, ‘சுவை லேசு’ என்பதற்கு ‘அஜி கா உசுய்’. கியோத்தோ சமையல் ‘உசுஅஜி’, அதாவது மென்சுவை, என்று பெயரெடுத்தது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மேற்கு ஜப்பானில் பயன்படுத்தும் ‘உசுகுச்சி’ சோயா சாஸின் பெயரைப் பார்த்து உப்புக் குறைந்தது என்று வாங்கிவிடாதீர்கள். லேசாக இருப்பது நிறம் மட்டும்தான். உப்பு, வழக்கமான ‘கொய்குச்சி’யைவிடச் சுமார் 2 விழுக்காடு அதிகம். காய்கறியின் நிறமும் தாஷியின் மணமும் கெடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். உப்புக் குறைந்தது வேண்டுமென்றால் ‘கென்என்’ என்று எழுதியிருக்க வேண்டும். கிழக்கு, மேற்கு நாக்குகளின் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க எளிய வழி, நிஸ்ஸின் நிறுவனத்தின் ‘தொன்பெய்’ கப் உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்). 1976இல் வந்த நாளிலிருந்து கிழக்குக்கு ஒரு சாறு, மேற்குக்கு ஒரு சாறு. கிண்ணத்தின் மீது சிறிய எழுத்து எந்தப் பக்கத்துக்குரியது என்று காட்டும். கிழக்கத்தியது கருத்து, கட்சுவோபுஷி தூக்கலாக இருக்கும். மேற்கத்தியது வெளிறி, கொம்பு மணக்கும்.

தேர்வுக்கு வராது, ஆனால் பேச்சுக்குத் தேவை என்று நான் நினைக்கும் சொல் ‘கொகு’. பல சுவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாய் நிறைந்து, விழுங்கிய பிறகும் நீடிப்பது கொகு. ஜப்பானியர் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ‘இரண்டாம் நாள் கறி’: முதல் நாள் சமைத்த ஜப்பானியக் கறிக்குழம்பை மறுநாள் சூடாக்கினால் கொகு கூடிவிடும் என்பது அங்கே பொது நம்பிக்கை. குளுட்டாதியோன் போன்ற சில பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் சில சேர்ந்தவை), தமக்கென்று சுவை இல்லாமலே, மற்றச் சுவைகளை இப்படிக் கனமாக்குகின்றன. நாக்கில் கால்சியத்தை உணரும் ஏற்பி இதற்கு வழி என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். கொகுவுக்கு எதிர்முனை ‘கிரே’. ‘வெட்டுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. சாகேயோ பியரோ விழுங்கிய கையோடு சுவை சட்டென்று விடைபெற்றுவிட்டால் ‘கிரே நன்றாக இருக்கிறது’ என்பார்கள். எது மிஞ்சுகிறதோ அது ‘அதோஅஜி’, பின்சுவை. முரட்டுத்தனம் எதுவும் இல்லாமல் எல்லாம் இழைந்து உருண்டையாகிவிட்டால் ‘மரோயகா’. வயதான வினிகருக்கும் பாலூற்றிய காப்பிக்கும் பொருந்தும். ‘ககுஷிஅஜி’ என்றால் ஒளித்துவைத்த சுவை: சிவப்புப் பயற்றுப் பாயசமான ஒஷிருகோவில் ஒரு சிட்டிகை உப்பு, கறிக்குழம்பில் ஒரு துண்டு சாக்லேட் அல்லது ஒரு கரண்டி இன்ஸ்டன்ட் காப்பி. சாப்பிடுபவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டால் ஒளித்ததாகாது. அளவு அவ்வளவு நுட்பம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: பல்லுக்கும் நாக்குக்கும் உரிய சொற்கள். இவற்றுக்குப் பொதுப்பெயர் ‘ஷொக்கன்’. ஜப்பானின் தேசிய உணவு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தச் சொற்களைத் திரட்டியபோது 445 கிடைத்தன. பெரும்பாலானவை ஒலிக்குறிப்புச் சொற்கள், அவற்றுள் மிகுதியும் இரட்டித்து வருபவை. மொறுமொறு, கொழகொழ, வழவழ என்று இரட்டைக்கிளவியிலேயே வளர்ந்த தமிழருக்கு இது பழக்கமான நிலம். கூச்சமில்லாமல் இறங்குங்கள்.

‘மொறுமொறு’ என்ற ஒன்றுக்கு அங்கே நான்கைந்து உண்டு. உள்ளே காற்றுப் பொதிந்து, பல் பட்டதும் லேசாக நொறுங்கினால் ‘சகுசகு’: தெம்புராவின் மேல்மாவு, பஃப்ஸ், பிஸ்கட். சிறியதாக, கடினமாக, வறுபட்டிருந்தால் ‘கரிகரி’: முறுக வறுத்த பேகன், பாகு பூசிய கொட்டைகள். மெல்லிய தகடாக முறிந்தால் ‘பரிபரி’: நோரி என்ற கடற்பாசித் தாள், உருளைச் சிப்ஸ். தண்ணீர் நிறைந்த காய்கறி நறுக்கென்று முறிந்தால் ‘ஷகிஷகி’: லெட்டூஸ், முளைப்பயறு, அதிகம் வதக்காத வெங்காயம். வெள்ளரி ஊறுகாயும் முள்ளங்கி ஊறுகாயும் ‘பொரிபொரி’. நோரியைச் ‘சகுசகு’ என்றோ லெட்டூஸைக் ‘கரிகரி’ என்றோ சொன்னால் கேட்பவர் நெற்றி சுருங்கும். முதல் ஒலி கனத்தால் பொருளும் கனக்கும் என்பது உதவும் விதி: சகுசகு ‘ஜகுஜகு’ ஆனால் பெரிய துண்டுகளாக முரட்டுத்தனமாக நொறுங்குவது, கிரானோலா போல. பரிபரியின் முதலெழுத்தை ‘பஸ்’ என்பதில் வருவதுபோல் அழுத்தினால், கெட்டியான செம்பேய் அரிசித் தட்டையைக் கடிப்பது.

மென்மையிலும் இதே நுணுக்கம். பஞ்சுபோன்ற ஆம்லெட் ‘ஃபுவஃபுவ’. உருகி வழியும் முட்டைக்கரு, கொதித்துக் கரைந்த வெங்காயம் ‘தொரொதொரொ’. மோச்சி என்ற ஒட்டரிசிப் பலகாரம் போல இழுத்துத் திரும்பும் ரொட்டி, நூடுல்ஸ் ‘மொச்சிமொச்சி’. பல்லைத் தள்ளிவிடும் புது இறால் ‘புரிபுரி’. ஈரம் காக்கும் கஸ்தெரா கேக் ‘ஷித்தொரி’. அந்த ஈரம் போய் வறண்ட கோழி மார்புக்கறி ‘பசபச’, இது எப்போதும் குறைதான். சூடான மாவுப்பதமான கிழங்கு ‘ஹொகுஹொகு’. சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்பவர்கள் இதை வைத்தே இரண்டு முகாம் பிரிக்கிறார்கள்: பெனிஅசுமா ஹொகுஹொகு, பெனிஹருகாவும் தானெகாஷிமா தீவின் அன்னோ கிழங்கும் ‘நெத்தொரி’, அதாவது கூழ்போலக் குழைந்து தித்திப்பவை. எந்தப் பக்கம் என்று கேட்டால் ஜப்பானியர் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

‘நெபநெப’வைத் தனியே சொல்ல வேண்டும். நம் சமையலில் வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்கத்தான் பாடுபடுகிறோம். நன்றாக வதக்கு, புளி சேர் என்பார்கள். அங்கே வெண்டையை லேசாக வேகவைத்துப் பொடியாக நறுக்கி, நூல் விடும் வரை கலக்கி, சோயா சாஸும் கட்சுவோபுஷியும் தூவிச் சாப்பிடுகிறார்கள். நாத்தோ என்ற புளிக்கவைத்த சோயா, வெண்டை, துருவிய மலைவள்ளி, மெகபு கடற்பாசி எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்துச் சோற்றின் மேல் குவித்து ‘நெபநெப தொன்’ என்றே ஓர் உணவு உண்டு. குறை என்று நாம் கருதும் தன்மையையே தேடிச் சாப்பிடும் இந்த இடத்தில்தான் அகராதி உங்களைக் கைவிடும்.

உதோனுக்கு ‘கொஷி’. இடுப்பு என்பது இதன் முதற்பொருள். கடினம் என்று புரிந்துகொள்ளாதீர்கள். பல்லை முதலில் எதிர்த்து, வளைந்து, கடைசியில் இணங்கும் வலு அது. சானுகி என்று பழம்பெயர் பெற்ற ககாவா மாவட்டத்து உதோனின் பெருமை அதில் இருக்கிறது. அதற்காகக் கொஷி இல்லாதது மட்டம் என்றும் முடிவுகட்டக் கூடாது. இசே உதோனும் ஹகதா உதோனும் நன்றாக வெந்து மெத்தென்று இருக்கும், அந்த ஊரார் அதையே விரும்புகிறார்கள். சோபா என்ற பக்வீட் நூடுல்ஸுக்கும் பியருக்கும் ‘நொதோகொஷி’, தொண்டையைக் கடக்கும் சுகம். தொண்டைக்கென்று தனியாக ஒரு பாராட்டை வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

வாசனைக்குச் சுருக்கமாக: நல்ல மணம் ‘கஓரி’, பொதுவாக வாசம் ‘நியொய்’, நாற்றம் ‘குசாய்’, மீன் கவிச்சை ‘நமகுசாய்’. சோயா சாஸ் தடவிச் சுட்ட சோற்று உருண்டை, வறுத்த எள், ஹொஜிச்சா என்ற வறுத்த தேயிலை இவற்றின் வறுபட்ட மணத்துக்கு ‘கோபஷீ’, தவறாமல் கற்றுக்கொள்ளுங்கள். ‘மணத்துக்கு மத்சுதாகே, சுவைக்கு ஷிமெஜி’ என்று காளான்களைப் பற்றி ஒரு பழமொழியே உண்டு. மணமும் சுவையும் சேர்ந்தது ‘ஃபூமி’. காற்று, சுவை என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவது. ஆனால் பொட்டலத்தின் மீது ‘ஃபூமி’ என்றிருந்தால் ‘அந்தச் சுவை கொண்டது’ என்றுதான் பொருள், அந்தப் பொருளே உள்ளே இருக்க வேண்டும் என்பதில்லை. ‘நண்டு ஃபூமி கமபொகோ’ என்பது மீன் விழுதில் செய்த நண்டுக் குச்சி. உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தச் சொல்லை நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, பிடிக்காதபோது என்ன சொல்வது? ‘மசுய்’ என்ற சொல் பாடநூலில் இருக்கும். சமைத்தவர் முன்னால் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள், அடி விழுந்ததுபோல் இருக்கும். உணவு கொடுப்பவர் ‘ஒகுச்சி நி அய்மசு கா’ என்பார், உங்கள் வாய்க்கு ஒத்துப்போகிறதா என்று. ஒத்துப்போகவில்லை என்றால் ‘சொத்தோ நிகதே தெசு’ என்று, எனக்கு இது கொஞ்சம் கஷ்டம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். குறை உணவில் இல்லை, என்னிடம்தான் என்ற தொனி அதில் வந்துவிடும். நாத்தோ, ஆட்டுப்பால் சீஸ், கொத்தமல்லித்தழை போன்று எல்லாருக்கும் ஒத்துவராத வாசம் உடையவற்றை ‘குசே கா அரு’ என்பார்கள்: தனிப் போக்கு உடையது. அதைச் சொல்பவருக்கு அது பிடித்தும் இருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். இளைஞர்கள் ‘பிமியோ’ என்று இழுத்தால் சுமார்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். அவர்களே ‘ஃபுத்சூ நி ஒய்ஷீ’ என்றால் ‘சாதாரணமாக ருசி’ என்று எடுத்துக்கொண்டு வருந்த வேண்டாம். எந்தச் சலுகையும் காட்டாமலே நன்றாக இருக்கிறது என்ற பாராட்டு அது. பெரியவர்கள் பலருக்கு இந்த வழக்கு பிடிப்பதில்லை, ஆகவே நீங்கள் அவர்கள் முன்னால் சொல்லாமல் இருப்பது நல்லது.